மனுவின் ஓரத்தில் எழுதிய பெயர்

மனு எழுதுவதைப் பற்றி உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். மனு எழுதுவது பெரிய வித்தை இல்லை. யாருக்கு, யாரிடமிருந்து, என்ன நடந்தது, என்ன வேண்டும். இரண்டு வாரத்தில் உங்கள் எல்லாருக்கும் கை பழகிவிடும். அந்த மனுவில் யாருடைய பெயரை எழுதலாம், யாருடைய பெயரை எழுதக் கூடாது என்பதுதான் எனக்குப் பிடிபட நாளாயிற்று. அதை நான் ஏற்காட்டு மலையில் கற்றுக்கொண்டேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, இன்னொரு பெண் கொடுத்தாள். உங்களில் பாதிப் பேரை அடுத்த மாதம் மலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் அதையே சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சேலத்தில் நம் அமைப்பில் சேர்ந்து மூன்றாவது வருடம். மலைக் கிராமங்கள் என் பொறுப்பு. பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று வாரத்தில் நான்கு நாள் பஸ் ஏறி வளைவு வளைவாக மேலே போய்வருவேன். நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் மலையில் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேனாவும் பையும் வைத்திருக்கிற பெண் வேறு யாராக இருக்க முடியும்?

செம்மநத்தத்தில் வெள்ளையன் என்று ஒருவர் இருந்தார். கொஞ்சம் நிலம், அதில் ராகியும் சாமையும். பழம் பறிக்கிற பருவத்தில் காப்பி எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போவார். மனைவி பெயர் பொன்னி. ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த வெள்ளையனைக் காக்கிச் சட்டைக்காரர்கள் மூன்று பேர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த இலாகா என்று நான் சொல்லப் போவதில்லை. சந்தன மரம் வெட்டிய கேஸ் என்றார்கள். அந்தக் காலத்தில் மலையில் எங்கே சந்தன மரம் காணாமல் போனாலும், கைக்கு அகப்பட்ட மலைக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவது வழக்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பொன்னி தூக்குப் போசியில் களி எடுத்துக்கொண்டு அவர்கள் கட்டடத்துக்கு நடந்தே போனாள். "அவன் இங்கே இல்லை, தப்பிச்சு ஓடிட்டான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை காலையில், ஒரு வளைவுக்குக் கீழே பள்ளத்தில் வெள்ளையன் பிணமாகக் கிடந்தார். ஓடும்போது தவறி விழுந்துவிட்டார் என்றார்கள்.

பொன்னியின் தம்பி முதல் பஸ்ஸில் இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டான். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது உடலைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பொன்னி அழவில்லை. என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"டீச்சரு, அவரு செவ்வாக்கெழம ஓடலீங்க. புதங்கெழம காத்தால வரைக்கும் உசுரோட அங்கதான் இருந்தாரு. குப்பாயக்கா கண்ணால பாத்துருக்குது."

குப்பாயி அந்தக் கட்டடத்தில் கூட்டிப் பெருக்குகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. எட்டாவது படிக்கிற ஒரே மகள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கூரைக் குடிசையில் இருந்தார்கள். அன்று சாயங்காலம் ஊற்றடியில் அவர் தண்ணீர் மொள்ள வரும் நேரத்துக்குப் போய் நின்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நாலா பக்கமும் பார்த்தார்.

"புதங்கெழம காத்தால கூட்டப் போனனுங்க. பின்னாடி ரூமுல, சன்னல் கம்பியில ரெண்டு கையையும் கயித்துல கட்டிப் போட்டுருந்தாங்க. மூஞ்சி வீங்கி ஆளே தெரியலீங்க. கொரல வெச்சுத்தான் வெள்ளையன்னு கண்டேன்."

"இதை வெளியில சொல்வீங்களாம்மா?"

"ஜட்ஜய்யா முன்னால நிக்க வெச்சுக் கேட்டா சொல்றனுங்க. செத்தவன் எனக்கும் ஒறமொறைதான். ஆனா எம்பேர எந்தப் பேப்பர்லயும் எழுதாதீங்க டீச்சரு. நானிருக்கற எடம் அவங்க வுட்டு வெச்சிருக்கற எடம். ஒத்தப் பொட்டப் புள்ளைய வெச்சிருக்கேன்."

"எழுத மாட்டேன்."

"சத்தியமாங்களா?"

"சத்தியமா."

அப்போது நான் பொய் சொல்லவில்லை. அதை உங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். ஆனால் அந்தச் சத்தியத்தை எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்துப் பொன்னியுடன் கீழே இறங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரேதப் பரிசோதனை. தவறி விழுந்து இறந்தவர் என்று ஒரே டாக்டர் அவசரமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். காவலில் இருந்தபோது இறந்தவர் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு டாக்டர்கள் ஓர் அதிகாரியின் முன்னிலையில் பார்க்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் மனு. பத்து மணியிலிருந்து ஒரு பெரிய அலுவலகத்தின் வராந்தாவில் காத்திருந்தோம். என்னை உள்ளே கூப்பிட்டபோது மணி பதினொன்று இருபது. பொன்னி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. மனுவை முழுக்கப் படித்தார்.

"தப்பிச்சுப் போன ஆளு பள்ளத்துல விழுந்தா அது காவல்ல நடந்த சாவு ஆகாதேம்மா. செவ்வாய்க்கிழமையே ஓடிட்டதா ரெக்கார்டு இருக்கு."

"புதன்கிழமை காலையில அவரைக் கட்டி வெச்சிருந்ததைப் பார்த்தவங்க இருக்காங்க சார்."

"யாரு?"

"பேர் சொல்ல முடியாது சார்."

அவர் மனுவை என் பக்கம் நகர்த்தினார். "பேரில்லாத சாட்சிய நம்பி நான் எப்படி ஆர்டர் போடறது? நாளைக்கு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சிருவாங்க. நீங்களே யோசிங்க."

சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். வெளியே இருந்த பொன்னியை நினைத்தேன். ஊற்றடியை நினைக்கவில்லை. பேனாவைத் திறந்து, மனுவின் ஓரத்தில் குப்பாயி என்று பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் உத்தரவு கையில் கிடைத்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தடம், விழுவதற்கு முன்னாலேயே பட்ட அடிகள் என்று அறிக்கையில் எழுதினார்கள். அன்று மத்தியானம் பொன்னிக்கு டீ வாங்கிக் கொடுத்தபோது, எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மனு கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மனுவுக்குக் கால் உண்டு. நாம் மேலே ஏற்றிவிடுவோம். அது முத்திரை வாங்கிக்கொண்டு, 'உரிய நடவடிக்கைக்காக' என்று ஒரு வரியைச் சுமந்துகொண்டு, யார் மேல் புகார் சொன்னோமோ அவர்கள் மேசைக்கே இறங்கிவிடும். பொதுவாக அதற்கு ஒரு வாரம் ஆகும். அந்த மனு அவசரம் என்று நானே சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அதனால் அன்று சாயங்காலமே நகல் மலைக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை செம்மநத்தத்தில் வெள்ளையனை அடக்கம் செய்தோம். குப்பாயி வரவில்லை. எனக்கு அப்போதுதான் ஊற்றடி ஞாபகம் வந்தது. அங்கிருந்து அவர் குடிசைக்குப் போனேன். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கூரையில் ஒரு பக்கத்துப் புல்லைப் பிடுங்கித் தரையில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கூரைக்குள்ள சந்தனக் கட்டை இருந்துச்சுன்னு எடுத்தாங்க. தாயையும் புள்ளையையும் ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்க. நீங்க இங்க நிக்காதீங்க சாமி, போயிருங்க."

நான் போகவில்லை. போய் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அந்தக் கட்டடத்து வாசலில் போய் நின்று கேட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். வெள்ளையனைக் கேட்டுப் போன பொன்னிக்குச் சொன்ன அதே பதில். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெரிந்த ஒவ்வொரு வக்கீல் வீட்டுக் கதவையும் தட்டினேன்.

திங்கட்கிழமை அவர்களே விட்டுவிட்டார்கள். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் காத்திருந்த குப்பாயியையும் மகளையும் பார்த்தேன். கையில் இரண்டு மூட்டை. குப்பாயியின் இடது கை பெருவிரலில் நீல மை காயாமல் இருந்தது. அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் தங்கை வீட்டில் கிடந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் எழுதி வாங்கியிருந்தார்கள். கைநாட்டு வைக்காவிட்டால் சந்தனக் கேஸை மகள் பேரில் போடுவோம் என்றார்களாம். வேலை போயிற்று. குடிசையும் போயிற்று. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு நாளில் அவளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

"பேர எழுத மாட்டேன்னு சொன்னீங்களே டீச்சரு" என்றார் குப்பாயி.

அவ்வளவுதான். கத்தவில்லை. நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இல்லை, விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். மணி பதினொன்று இருபது ஆகிவிட்டது, பெயர் இல்லாமல் உத்தரவு போட மாட்டேன் என்றார்கள், அதனால்தான் டாக்டர்கள் உண்மையை எழுதினார்கள் என்று நடு ரோட்டில் நின்று அடுக்கிக்கொண்டே போனேன். கொட்டச்சேடு போகிற பஸ் வந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

அப்போது நம் அமைப்புக்கு ஆலோசனை சொல்ல ஒரு மூத்த வக்கீல் வருவார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நடந்ததை அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேள்விதான் கேட்டார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் அந்தம்மாவப் பாத்தப்ப, கடைசி பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு மணி நேரம் சார்."

"பஸ்ஸுல எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கூப்பிட்டிருந்தா அவங்களும் புள்ளையும் உன்கூடக் கீழே வந்திருப்பாங்களா?"

"வந்திருப்பாங்க."

"அப்புறம் ஏன் கூப்பிடலை?"

"தோணலை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல ஆள நகர்த்தணும். பேப்பர் அப்புறம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கீழே கூட்டிவந்து பத்திரமாக ஓர் இடத்தில் வைத்திருந்தால், அந்தப் பெயர் மலைக்குப் போனாலும் அவர்களை யாரும் தொட்டிருக்க முடியாது. குப்பாயியே வந்து அந்த அறையில் நின்று சொல்லியிருக்கலாம். நான் அலுவலகத்தில் தவறு செய்தேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தவறு முந்தின நாள் சாயங்காலம், காலியான பஸ்ஸில் நாங்கள் இரண்டே பேர் இறங்கி வந்தபோதே நடந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி, ஒரு டைப்பிஸ்ட், சுவரோரம் காக்கிச் சட்டைகள். குப்பாயியைக் கூப்பிட்டார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நானு அந்த வாரம் ஊட்டுலயே இல்லீங்க. நொம்பக் காச்சலுங்க. தங்கச்சி ஊட்டுல படுத்துக் கெடந்தனுங்க."

டைப்பிஸ்ட் அடித்து முடித்தார். இறந்தவர் தரப்பில் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எங்கள் வக்கீல் எழுவதற்குள் பொன்னி எழுந்துவிட்டாள்.

"அக்கா, அவரு எதாச்சும் சொன்னாரா?"

குப்பாயி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "இவங்கதான் அங்க இல்லைன்னு சொல்லிட்டாங்களேம்மா. சம்பந்தமில்லாததைக் கேக்காதீங்க" என்றார் அதிகாரி. அந்தக் கேள்வி பதிவாகவில்லை.

வெளியே வந்து புளிய மரத்தடியில் நின்றோம். குப்பாயி எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், தலையைத் திருப்பாமல், பொன்னிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அருகில் நின்றதால் என் காதிலும் விழுந்தது.

"உன்னத்தான் கேட்டான். சோறு கொண்டாந்தாளான்னு கேட்டான். கொண்டாந்தா, இவுங்கதான் வாங்கலைன்னு சொன்னேன்."

பொன்னி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்ததற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

விசாரணை அறிக்கை, தப்பி ஓடும்போது நேர்ந்த விபத்து என்று முடிந்தது. நாங்கள் விடவில்லை. டாக்டர்கள் எழுதிய கயிற்றுத் தடத்தை வைத்துக்கொண்டு மேல் கோர்ட்டுக்குப் போனோம். ஆறு வருடம் ஓடியது. ஒரு நாள் அந்த மூத்த வக்கீல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மறுபடி விசாரிக்கலாம் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது, அந்தக் கயிற்றுத் தடத்தோடு குப்பாயியின் வாக்குமூலமும் சேர்ந்தால் கொலைக் கேஸ் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது என்றார்.

கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் குப்பாயி இருந்தார். பழம் பறிக்கிற வேலை. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தார். மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. முழுகாமல் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பெயர் எந்தெந்தப் பேப்பரில் வரும், அதை யார் யார் படிப்பார்கள், முதலிலேயே சேலத்தில் தங்க ஏற்பாடு செய்ய முடியும், ஆனால் எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது, எதிர் வக்கீல் பழைய கைநாட்டைக் காட்டி உங்களைப் பொய்க்காரி என்பார், அந்த இரண்டு நாளைப் பற்றி மகளையும் கேட்பார்கள். எதையும் மறைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார்.

"மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க டீச்சரு. இப்பத்தான் எம்புள்ள சிரிக்கவே ஆரம்பிச்சிருக்குது. வேண்டாங்க."

"சரிங்கம்மா."

நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். கீழே வந்து வக்கீலிடம் சொன்னேன். அவருக்கு வருத்தம். "இன்னொரு தடவை போய்ப் பேசிப் பாரேன், பக்குவமா எடுத்துச் சொன்னா வருவாங்க" என்றார். ஆளை நகர்த்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அப்படிக் கேட்டார். கேஸ் கைநழுவிப் போகும்போது எவ்வளவு நல்லவருக்கும் அப்படித் தோன்றும். உங்களுக்கும் தோன்றும். நான் போகவில்லை. கேஸ் தோற்றது. அந்தக் காக்கிச் சட்டைக்காரர்கள் மூன்று பேரும் ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாமல் பதவி உயர்வு வாங்கி ஓய்வும் பெற்றார்கள்.

தீர்ப்பு வந்த அன்று செம்மநத்தத்துக்குப் போனேன். பொன்னி மிளகுக் கொடியில் பழுத்ததைப் பறித்துக்கொண்டிருந்தாள். கொட்டச்சேட்டுக்குப் போனது, குப்பாயி வேண்டாம் என்றது, நான் வற்புறுத்தாதது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நான் செய்தது சரி என்று அவள் சொல்வாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவள் ஏணியிலிருந்து இறங்கி, மடியில் இருந்ததைக் கூடையில் கொட்டினாள்.

"மொதத் தடவ கேக்காம எழுதிப்புட்டீங்க. இந்தத் தடவ கேட்டுப்போட்டு வுட்டுட்டீங்க. ரெண்டுலயும் போனது எங்கூட்டுக்காரருதானுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த மரத்துக்கு ஏணியைச் சாத்தப் போனாள். நான் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் வருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குப்பாயியை இரண்டாவது தடவை தொந்தரவு செய்யாதது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பொன்னி சொன்னதும் சரிதான். இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சமாதானமாக உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல நான் பல வருடம் முயன்றுவிட்டேன், வரவில்லை. மலைக்குப் போகிறவர்கள் போய்வாருங்கள். பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.